சுவிஸ் என்றால் சும்மாவா?

பழைய மோஸ்தரில் ஓர் ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கப் போகிறேன் என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லிப் பாருங்கள். ஒருவராவது இப்படி ஆரம்பிப்பார்: “ஜப்பான் வாட்ச் வாங்குவீங்க, ஆறு மாசத்துல அலுத்துப்போகும், அப்புறம் சுவிஸ் தேடுவீங்க. அதுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து நேரா சுவிஸே வாங்கிடுங்க சார். காசு போனாலும் அதுவே கடைசி வாட்சா இருக்கும்.” சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். இதற்கு மேல் அங்கே பேச்சே இருக்காது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இந்தப் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே காதில் விழுகிறது. ஐப்பசியில் இருந்து பங்குனி வரை வெளிநாட்டார் வந்து தங்குகிற பகுதி இது. பணி ஓய்வு பெற்றுப் பெங்களூரிலும் சென்னையிலும் இருந்து வந்து ரமண நகரில் குடியேறியவர்களும் நிறையப் பேர். செங்கம் சாலை டீக்கடையில் பக்கத்துக் கையைப் பார்த்தால் உலகத்தின் பாதி பிராண்டுகள் தென்படும். ஆசிரம வாசலில் செருப்பைத்தான் விடச் சொல்கிறார்கள். கையில் இருப்பதை யாரும் கேட்பதில்லை.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க, இரண்டு வாட்சுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஜப்பானின் ஓரியண்ட் பாம்பினோ, நம் சந்தையில் சுமார் இருபதாயிரம் ரூபாய். மற்றது சுவிட்சர்லாந்தின் டிசோ ஹெரிடேஜ் விசோடேட், அறுபது எழுபதாயிரம் வரும். இரண்டும் 1950களின் முகம். உப்பிய கண்ணாடி, மெல்லிய முள், தோல் பட்டை. நாலடி தள்ளி நின்று பார்த்தால் அண்ணன் தம்பி என்பீர்கள். விலை மட்டும் ஒன்றுக்கு மூன்று.

அந்த மூன்று மடங்குக்குச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை பொய் என்பது என் கட்சி. விசோடேட் மோசமான வாட்ச் என்று நான் சொல்லவில்லை, அது நல்ல வாட்ச். அதை வாங்கச் சொல்லி நம்மிடம் அடுக்கப்படும் நியாயங்கள்தான் மோசம்.

எல்லாரும் முதலில் தூக்கிப் பிடிப்பது மரபு. டிசோ 1853இல் லெ லோக்ல் ஊரில் தொடங்கிய நிறுவனம். நூறாண்டு நிறைவான 1953இல் தேதி காட்டும் ஆட்டோமேட்டிக்காக விசோடேட்டைக் கொண்டுவந்தார்கள். இன்றைய வாட்ச் அதன் மறுபிறவி. பாம்பினோவுக்கு அப்படிக் குறிப்பிட்ட மூதாதை கிடையாது, பழைய பாணியில் பொதுவாக வரையப்பட்ட ஒன்று. ஆகவே டிசோ வாரிசு, ஓரியண்ட் வேஷம். இதுதான் வாதம்.

வாரிசு என்றால் வாரிசுக்குரிய லட்சணம் இருக்க வேண்டாமா? அந்தக் காலத்து ஆண்கள் வாட்ச் 34, 35 மில்லிமீட்டர்தான் இருக்கும். தாத்தாவின் கல்யாண போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், மணிக்கட்டில் நாணயம் போல ஒட்டிக்கொண்டிருக்கும். 2010 வாக்கில் மறுபடி வந்த விசோடேட் 40 மில்லிமீட்டர், பவர்மேட்டிக் 80 என்ற மிஷினோடு அதன் பிறகு வந்த மாடல் 42. உள்ளே இருக்கும் மிஷினுக்கும் 1953க்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மிச்சம் இருக்கும் மரபு, டயலில் பழைய கையெழுத்து மாதிரி எழுதியிருக்கும் பெயரும் பெட்டிக்குள் வைத்திருக்கும் கதையும்தான். ஓரியண்டோ, பாம்பினோவை 2022இல் 38.4 மில்லிமீட்டர் அளவிலும் கொண்டுவந்தது. கதை சொல்லாத வாட்ச்தான் பழைய அளவை நோக்கி நடந்திருக்கிறது.

இன்னொரு கூத்து. வாட்ச் பிரியர்கள் ‘சொந்த மிஷின்’ என்றால் உருகிப்போவார்கள். தன் மிஷினைத் தானே செய்கிற கம்பெனிக்குத்தான் அவர்களிடம் மதிப்பு. இந்த இருவரில் தன் மிஷினைத் தானே செய்வது ஓரியண்ட். இன்று சைகோ எப்சன் குடும்பத்தில் இருந்தாலும், அதன் மிஷின் 1971இல் அறிமுகமான அதன் சொந்த 46 வரிசையின் வழித்தோன்றல். டிசோவுக்கு மிஷின் வருவது ஸ்வாட்ச் குழுமத்தின் இன்னொரு கம்பெனியான ஈடிஏவிடம் இருந்து. அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஈடிஏ நல்ல மிஷின் செய்கிறது. ஆனால் ‘சொந்த மிஷின்’ என்ற அளவுகோலை லட்ச ரூபாய் வாட்சுக்கு மட்டும் எடுத்து, இந்த இடத்தில் மட்டும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வது என்ன நியாயம்?

இரண்டையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்த்தது. டீக்கடை பெஞ்சு, நல்ல வெயில், நண்பர் ஒருவரின் விசோடேட், என் பாம்பினோ. கண்ணை டயலில் இருந்து இரண்டு அங்குல தூரத்துக்குக் கொண்டுபோய் விநாடி முள்ளை மட்டும் பார்த்தேன். செல் வாட்சில் போல டக் டக் என்று குதிக்காது, வழுக்கிக்கொண்டு போகும் என்று சொல்வார்களே, அந்த வழுக்கல் உண்மையில் சின்னச் சின்ன அடிகள். பாம்பினோவில் விநாடிக்கு ஆறு அடி. விசோடேட்டிலும் ஆறுதான். இரண்டு முள்ளும் ஒரே நடை. 2010 வாக்கில் வந்த விசோடேட்டில் இருந்த ஈடிஏ 2836 மிஷின் மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது விநாடிக்கு எட்டு. பவர்மேட்டிக் 80 வந்தபோது அதை 21,600க்கு இறக்கினார்கள், ஓரியண்டும் அதே 21,600. ‘சுவிஸ் முள்ளின் வழுவழுப்பே தனி’ என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள், கையில் இருக்கும் வாட்சைப் பார்த்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

ஏன் இறக்கினார்கள்? எண்பது மணி நேரத்துக்காக. துடிப்பைக் குறைத்து, ஸ்பிரிங் சுற்றியிருக்கும் பேரலின் நடுத்தண்டை மெலிதாக்கி, அந்த இடத்தில் இன்னும் நீளமான ஸ்பிரிங்கைத் திணித்தால் மிஷின் கழற்றி வைத்த பிறகும் மூன்று நாளுக்கு மேல் ஓடும். ஓரியண்ட் நாற்பது மணி நேரம்தான். கெட்டிக்காரத்தனமான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருக்கு? வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்துவிட்டு வேறு வாட்ச் கட்டிக்கொண்டு, திங்கட்கிழமை திரும்பி வருகிறவருக்கு. ஒரே வாட்சைத் தினமும் கட்டுகிறவருக்கு நாற்பதும் எண்பதும் ஒன்றுதான், ராத்திரி எட்டு மணி நேரம் மேஜைமேல் கிடந்தால் எதுவும் நிற்கப் போவதில்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டோமேட்டிக் என்பது கை அசைந்தால் உள்ளே ரோட்டர் சுழன்று, அந்தச் சுழற்சியில் ஸ்பிரிங் இறுகும் ஏற்பாடு. கிரிவலம் பதினாலு கிலோமீட்டர் கைவீசி நடந்தால் இருபதாயிரம் வாட்சும் எழுபதாயிரம் வாட்சும் ஒரே மாதிரி வயிறு நிறைந்துகொள்ளும். ஆனால் ஆசிரமத்தின் பழைய ஹாலில் கண்ணை மூடி மணிக்கணக்கில் அசையாமல் உட்காருகிறவருக்கு இதைவிடப் பொருந்தாத கருவி இல்லை. சும்மா இருப்பவர் கையில் ஆட்டோமேட்டிக் ஓடாது. அவருக்குக் காலையில் எழுந்ததும் சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. ஜனதாவே மேல்.

ரமணர் இருந்த இடத்தில் வாட்ச் பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தாராளமாகப் பேசலாம். ஆசிரமமே மணி பார்த்துத்தான் நடக்கிறது. பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மணி, நாலு மணிக்கு டீ, ஆறரைக்குத் தமிழ்ப் பாராயணம். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் உடலை நீத்த நேரம் 8.47 என்று இன்றுவரை சொல்கிறோம். அந்த வேளையில் வானத்தில் ஒளி ஒன்று மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்தவர்களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரசோனும் ஒருவர். பார்த்ததும் அவரும் உடன் இருந்தவர்களும் வாட்சைப் பார்த்தார்கள், மணி 8.47 என்று அவர் சொன்னது பதிவாகி இருக்கிறது. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது 1969 கடைசியில்தான். ஆக அன்று அங்கே மணி சொன்னவை அத்தனையும் ஸ்பிரிங்கில் ஓடியவை. சரித்திரத்துக்கு நேரம் வந்து சேர்ந்தது, பிராண்டு வந்து சேரவில்லை.

துல்லியம் என்ற வாதத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஓரியண்ட் தன் மிஷினுக்கு அறிவிக்கும் வரம்பு, நாளொன்றுக்குப் பதினைந்து விநாடி பின்னால், இருபத்தைந்து விநாடி முன்னால். மிக மோசமாகவே ஓடினாலும் வாரத்துக்கு மூன்று நிமிஷம். பெரும்பாலும் அவ்வளவு மோசமாக ஓடுவதில்லை. டிசோ இதைவிடச் சீராக ஓடும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் துல்லியம்தான் வேண்டும் என்றால் இந்த இருவர் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் செய்து தள்ளும் குவார்ட்ஸ் வாட்சில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கினால், அது மாதத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடிதான் தவறும். ஒரு நாள் தவறைக் கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிடும். ஸ்பிரிங் வாட்ச் வாங்குகிறவர் எவரும் துல்லியத்துக்காக வாங்குவதில்லை. அதைக் காரணமாகச் சொல்லி நாற்பத்தைந்தாயிரம் கூடுதலாகக் கொடுப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

‘சுவிஸ் மேட்’ என்று டயலின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிறதே, அதற்கு மதிப்பில்லையா? இருக்கிறது, அதன் கணக்கோடு. 2017 முதல் சுவிட்சர்லாந்துச் சட்டம் கேட்பது, உற்பத்திச் செலவில் குறைந்தது அறுபது சதவீதம் அங்கே ஆகியிருக்க வேண்டும், மிஷின் சுவிஸ் மிஷினாக இருக்க வேண்டும், கூட்டிப் பொருத்துவதும் கடைசிச் சோதனையும் அங்கே நடக்க வேண்டும் என்று. மீதி நாற்பது எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் வெள்ளைத்தாடிக் கிழவர் ஒருவர் அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் செய்தார் என்ற கற்பனைக்குப் பணம் கட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவே.

நாம் கொடுப்பதில் இன்னொரு பங்கு நேராகச் சுங்கத்துக்குப் போகிறது. சுவிஸ் வாட்சுக்கு இந்தியாவில் இருபது சதவீத இறக்குமதி வரி இருந்துவந்தது. 2024 மார்ச் 10 அன்று கையெழுத்தாகி, 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தப்படி அது ஏழு ஆண்டுகளில் படிப்படியாக இல்லாமல் போகும். ‘சுவிஸ் விலை ஏறிக்கொண்டேதான் போகும், இப்போதே வாங்கு’ என்று அவசரப்படுத்துகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு எரிச்சல் ஊட்டுவது மரபைப் பற்றிய இன்னொரு அறியாமை. பழைய மோஸ்தர் என்றதும் நம் ஆட்கள் ஜெனிவாவைப் பார்க்கிறார்கள். நம் வீட்டு அலமாரியில் இருப்பது கண்ணில் படுவதில்லை. எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து. ஜனதா, பைலட், சோனா, சாவி கொடுக்கத் தேவையில்லாத காஞ்சன் என்று பத்துக் கோடிக்கும் மேல் செய்து கொடுத்தது. பத்தாவதில் முதல் வகுப்பு வாங்கிய பையனுக்கு, வேலைக்குப் போன பெண்ணுக்கு, மாப்பிள்ளைக்கு என்று நம் குடும்பங்களில் வாட்ச் வந்து சேர்ந்த வழி அது. சிங்கப்பூரில் இருந்தோ துபாயில் இருந்தோ மாமா வந்தால் பெட்டியில் சைகோ, ரிக்கோ, ஓரியண்ட் இருக்கும், இல்லாவிட்டால் பர்மா பஜாரில் கிடைக்கும். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் என்று சுவிஸ் வாட்ச் கட்டியவர்கள் அதற்கு முந்தைய தலைமுறை, அவர்களிலும் வசதி உள்ளவர்கள். ஆக தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் ‘பழைய வாட்ச்’ என்பது பெருமளவுக்கு ஜப்பான் மிஷின் அல்லது ஜப்பானிடம் கற்றுச் செய்த இந்திய மிஷின். பாம்பினோ போலி, விசோடேட் அசல் என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர் யாருடைய தாத்தாவை நினைத்துக்கொண்டு சொல்கிறார்?

சரி, ரிப்பேருக்கு வருவோம். விலை வாதம் முழுசாக உடைவது இங்கேதான். ஸ்பிரிங் வாட்ச் எதுவானாலும் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து, கழுவி, எண்ணெய் போட வேண்டும். திருவண்ணாமலையில் இருப்பவர் விசோடேட்டை கம்பெனி சர்வீசுக்குக் கொடுக்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும், அல்லது கூரியரில் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஓரியண்டுக்கும் இங்கே கம்பெனி சர்வீஸ் இல்லைதான். வித்தியாசம் மூடியைத் திறந்தால் தெரியும். ஓரியண்ட் மிஷினில் பேலன்ஸ் பக்கத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. கண்ணில் லென்ஸ் மாட்டி நாற்பது வருஷம் எச்.எம்.டி.யும் சிட்டிசனும் பார்த்த கைக்காரருக்கு அது பழகிய இடம். ஓரத்தில் ஊசிமுனையால் ஒரு தட்டு, நாளைக்கு வந்து பாருங்கள் என்பார். பவர்மேட்டிக் 80இல் அந்த நெம்புகோல் கிடையாது, வேகத்தைத் தொழிற்சாலையிலேயே சரிசெய்து அனுப்புகிறார்கள். அதன் சில வகைகளில் எஸ்கேப்மென்ட் பாகங்களே உலோகம் இல்லை, பாலிமர். ஓடும்வரை ராஜா. நின்றால், பிரித்துப் பார்ப்பதைவிட மிஷினையே மாற்றுவது லாபம் என்ற கணக்குக்கு வந்துவிடும். தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் பொருள் என்று விற்கப்படுவது இது.

‘விற்றாலும் காசு வரும்’ என்பது தங்கத்தைப் பார்த்து வளர்ந்த நம் புத்திக்கு உடனே பிடித்துப்போகிற வாதம். வராது. இந்த விலையில் இருக்கிற எந்த வாட்சும் கடைப்படி இறங்கின அன்றே சரியும். அதிக விலை கொடுத்தவருக்கு அதிக ரூபாய் போகும், வேறென்ன. மாப்பிள்ளைக்குப் போடுகிற வாட்ச் என்றால் விஷயம் வேறு. அங்கே வாங்குவது சம்பந்தி வீட்டின் வாயை அடைக்க. அதற்கு என்னிடம் பதில் இல்லை, டிசோவே வாங்குங்கள்.

எதிர்த்தரப்பில் உண்மை இருக்கும் இடத்தையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடி. விசோடேட்டில் இருப்பது சஃபையர், சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடந்தாலும் கீறாது. பாம்பினோவில் இருப்பது உப்பிய மினரல் கண்ணாடி, அந்த உப்பல்தான் அதன் அழகு, அதுவேதான் வினை. கிரில் கேட்டிலும் பஸ் கம்பியிலும் முதலில் இடிப்பது அதுதான். என் வாட்சில் பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு கீறல் இருக்கிறது, வெயிலில் டயலை விட அது பளிச்சென்று தெரியும். பாம்பினோவின் 40.5 மில்லிமீட்டர் மாடலுக்குப் பட்டை 21 மில்லிமீட்டர், நம் ஊர்க் கடைகளில் 20ம் 22ம் தொங்கும், 21 கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். முள்ளின் விளிம்பு, எண்களின் பளபளப்பு, இவற்றிலும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் டிசோ ஒரு படி மேல். இவற்றுக்காக நாற்பத்தைந்தாயிரம் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அது அவர் இஷ்டம், நேர்மையான இஷ்டம். மரபு, துல்லியம், முதலீடு என்று போர்வை போர்த்தாமல் சொன்னால் போதும்.

இத்தனையும் படித்துவிட்டு, அப்படியானால் ஆயிரத்தைநூறுக்கு ‘புதுப்பித்த’ எச்.எம்.டி. வாங்கிவிடலாமே என்று கிளம்புகிறவரையும் கொஞ்சம் நிறுத்த வேண்டும். எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகு பழைய எச்.எம்.டி. மேல் ஆசை பெருகியது, ஆசை பெருகினால் சரக்கும் பெருகும். மயில் நீலத்திலும் மஞ்சளிலும் டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, நாலு வாட்சின் பாகங்களை ஒரு கூட்டுக்குள் போட்டு விற்பது பெரிய வியாபாரமாக நடக்கிறது. எழுத்தின் விளிம்பு மங்கலாக இருந்தால், டயல் மட்டும் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டு முள் துரு ஏறியிருந்தால், விலகிவிடுங்கள். வீட்டு அலமாரியில் அப்பாவினுடையது ஒன்று கிடந்தால் அதற்கு எண்ணெய் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். அதை மிஞ்ச இந்தக் கட்டுரையில் பேசிய இரண்டுமே வராது.

வீட்டில் அப்படி எதுவும் இல்லை, புதிதுதான் வாங்க வேண்டும் என்பவருக்கு என் தீர்ப்பு ஓரியண்ட். 38.4 மில்லிமீட்டர் மாடலைக் கேளுங்கள், அதற்கு 20 மில்லிமீட்டர் பட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆரம்பகால பாம்பினோக்களில் கையால் சாவி கொடுக்க முடியாது, பழைய இருப்பைத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். கூடவே வரும் தோல் பட்டை சித்திரை வியர்வைக்குத் தாங்காது, முதல் மாதமே துணிப்பட்டை ஒன்று மாற்றிக்கொள்ளுங்கள். 30 மீட்டர் என்று பின்மூடியில் எழுதியிருப்பதை நம்பிக் குளத்தில் இறங்க வேண்டாம். மிச்சப்பட்ட நாற்பத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கை சர்வீசுக்கு என்று எடுத்து வைத்தால் இருபது ஆண்டுக்குக் காணும். “ஏன் சார் சுவிஸ் வாங்கலை?” என்று டீக்கடையில் யாராவது கேட்டால், அவருடைய வாட்சின் விநாடி முள்ளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.